முதல் குத்து யாருக்கு?

போன வருஷம் கத்திரி வெயிலில் என் பெரியம்மா மகள் மயங்கி விழுந்துவிட்டாள். ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவளுக்குத் துணையாக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு கட்டடத்தைப் பற்றி அல்ல.

பக்கத்துக் கட்டிலில் திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு அப்பத்தா. வயிற்றுப்போக்கு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மிளகாய்ப் பழம் பறித்தும் பருத்தி எடுத்தும் காய்த்துப்போன கை. அந்தக் கையில் நான்கு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐந்தாவது இடம் தேடி ஒரு நர்சிங் மாணவி குனிந்து நின்றாள். இருபது வயது இருக்குமா? உதடு காய்ந்து, விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ட்யூட்டர் இல்லை, ஸ்டாஃப் இல்லை.

“நரம்பு ஓடுது பாட்டி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றாள்.

“பரவால்ல தாயி, நீயும் படிக்கணும்ல. குத்து” என்றார் அப்பத்தா.

முப்பத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவள் நான். அந்த வார்டில் எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. இருந்தாலும் எழுந்து போய், “போதும்மா, வச்சிடு. ஸ்டாஃபைக் கூப்பிடு” என்றேன். அந்தப் பெண் என்னை முறைக்கவில்லை. தப்பித்தோம் என்பதுபோல மூச்சு விட்டாள். அந்த மூச்சுதான் இதை எழுத வைக்கிறது.

“குத்திக் குத்தித்தான் கை வரும்.” எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வாக்கியம் இது. நானும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. கேனுலா போடுவது புத்தகத்தில் படித்து வருகிற வேலை இல்லை, கை பழகத்தான் வேண்டும். ஆனால் யார் கையில் குத்திப் பழகுவது என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. அதற்கான பதில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காசு கட்டித் தனி அறையில் படுத்திருப்பவர், “சீனியர் சிஸ்டரைக் கூப்பிடுங்க” என்பார். உடனே வருவார்கள். பொது வார்டில் படுத்திருக்கும் கிழவிக்கு அப்படிக் கேட்கலாம் என்றே தெரியாது. இலவச வைத்தியத்துக்கு இது ஒரு கட்டணம் என்று நினைத்துக் கையை நீட்டுகிறார். அவர் சொன்ன “பரவால்ல”வைச் சம்மதம் என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

எங்கள் அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். தறிக்காரர் யாராவது பழக வந்த பையனை முதல் நாளே பாவில் உட்கார வைப்பாரா? முதலில் தார் சுற்ற விடுவார். அறுந்த இழையை முடியச் சொல்லிக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார வைத்து மாதக்கணக்கில் பார்க்க விடுவார். அப்புறம்தான் தறியில் இறக்குவார், அப்போதும் கண் அவன் கையிலேயே இருக்கும். பாவு கெட்டால் நஷ்டம் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். வார்டில் நஷ்டம் அப்பத்தாவுடையது. அதனால்தான் நமக்கு அவசரமே இல்லை.

நான் 1982-ல் படிப்பு முடித்தபோது இந்தப் பிளாஸ்டிக் குழாய் எங்கள் பக்கத்தில் அபூர்வம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா என்பவர் 1950 வாக்கில் இதை உருவாக்கினார் என்பதெல்லாம் பின்னால் படித்தது. எங்களுக்கு இருந்தது இரும்பு ஊசிதான். கையை அசைத்தால் சிரையைக் கிழித்துவிடும், அதற்காகக் கையைப் பலகையில் வைத்துக் கட்டுவோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஊசி ஏற்றுவது ஹவுஸ் சர்ஜன் வேலை. பிறகு வென்ஃப்ளான் வந்தது, வேலை நர்ஸ் கைக்கு வந்தது. சொல்லிக்கொடுக்கும் முறை மட்டும் வரவில்லை. “பார்த்துக்கோ, அப்புறம் நீ போடு.” அவ்வளவுதான் பாடம்.

இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நம் மக்கள் நரம்பு என்று சொல்வது சிரை. அதைக் கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டும். நல்ல சிரை அழுத்தினால் உள்ளே போய் எழும்பும், தசைநார் எழும்பாது, தமனி துடிக்கும். இந்த வித்தியாசத்தை ஊசியே இல்லாமல், ஒருத்தி கையை இன்னொருத்தி கண்ணை மூடித் தடவிப் பார்த்தே பழகலாம். ஒரு பைசா செலவில்லை. பஞ்சு மெத்தைத் துண்டுக்குள் பழைய டிரிப் குழாயைச் செருகி அதில் குத்திப் பழகலாம். செயற்கைக் கை இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் நிறம். பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் சன்னமாகும். விபத்தில் ரத்தம் போனவருக்குப் பச்சை வேண்டும், நிமிஷத்துக்குச் சுமார் 90 மில்லி ஓடும். நீலத்தில் அதில் பாதிகூட ஓடாது. ஆனால் வற்றிப்போன கிழவியின் கைக்கு நீலம் போதும். அந்த மாணவி கையில் இருந்தது பச்சை. ஏன் என்று கேட்டேன். “ட்ரேல அதுதான் மேடம் இருந்துச்சு.”

ரப்பர் பட்டையை நான்கு விரல் தள்ளி மேலே கட்ட வேண்டும். முதியவர் தோல் காகிதம்போல, இறுக்கிக் கட்டினால் குத்தியவுடன் சிரை வெடித்து நீலம் பாய்ந்துவிடும். ஸ்பிரிட் தடவினால் அது தானாகக் காய வேண்டும், அரை நிமிஷமாவது ஆகும். காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தொட்டால் துடைத்தது வீண். கீழே தோலை இழுத்துப் பிடித்து, சாய்வாக நுழைத்து, பின்னால் ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து ஒரு நூல் அளவு முன்னே போய், ஊசியை அசையாமல் பிடித்துக் குழாயை மட்டும் உள்ளே தள்ள வேண்டும். பாதி இழுத்த ஊசியை மறுபடி குழாய்க்குள் குத்தவே கூடாது. குழாய் நுனி அறுந்து ரத்தத்தோடு போய்விடும். வெளியே இழுத்த ஊசி நேராக வெள்ளை டப்பாவுக்குள். ஒட்டிய பிளாஸ்திரியில் தேதியும் நேரமும். பிறகு ஒவ்வொரு ஷிஃப்டிலும் வீக்கம், சிவப்பு, சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரையை விட்டு வெளியே கால்சியமோ பொட்டாசியமோ கசிந்தால் தோலே அழுகிப் போகலாம்.

“பார்த்துக்கோ, போடு” என்பதற்குள் இவ்வளவும் அடங்கிவிடுமா?

இனி மாணவியின் பக்கம். தொண்ணூறுகளில் என்னிடம் பழகிய ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பினேன். ஊசியை எடுக்கும்போது தன் விரலில் குத்திக்கொண்டாள். திட்டுவேன் என்று பயந்து என்னிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து ஹாஸ்டலில் அழுதுகொண்டிருக்கிறாள் என்று தோழி சொல்லித்தான் தெரிந்தது. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முடிகிறவரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் தூங்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசிகூடப் போட்டிருக்கவில்லை. தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமியுள்ள ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு மூன்று. இன்று எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. பயந்து மறைக்கிற மாணவிக்கு அந்த மருந்து எப்படிக் கிடைக்கும்? அந்தத் தவறு என்னுடையது. அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

“ஸ்டாஃப் எங்கே இருக்கிறார்கள்? ஒருத்தி நாற்பது பேரைப் பார்க்கிறாள், அவள் எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்?” என்பார்கள். நியாயம்தான். அன்று வந்த ட்யூட்டி சிஸ்டர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சொல்லிக்கொடுப்பது அவள் வேலையும் இல்லை, ட்யூட்டர் வேலை. பத்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அந்த ஆசிரியர் காகிதத்தில் இருக்கிறார், வார்டில் எங்கே? கல்லூரி பஸ் காலையில் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு மதியம் ஏற்றிப் போகிறது. நடுவில் அவர்கள் சம்பளமில்லாத வேலைக்காரிகள். கடைசியில் லாக் புக்கில் எல்லாச் செய்முறைக்கும் ஒரே நாளில் கையெழுத்து. நானும் போட்டிருக்கிறேன். பக்கம் புரட்ட நேரமாகுமே தவிர, போட நேரமாகாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. செயற்கைக் கையில் சரியாகப் போட்டுக் காட்டாதவள் மனிதக் கையைத் தொடக் கூடாது. முதல் பத்துப் பேருக்காவது ட்யூட்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். “நான் படிக்கிற பொண்ணு, போடட்டுமா?” என்று நோயாளியைக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் முகம் சுளிக்கக் கூடாது. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் குத்தக் கூடாது. அமெரிக்காவின் இன்ஃப்யூஷன் நர்சஸ் சொசைட்டி வகுத்திருக்கும் வரம்பும் இதுதான். தடுப்பூசி முடியாமல் வார்டுக்கு அனுப்பக் கூடாது. ஊசி குத்திக்கொண்டேன் என்று வந்து சொல்கிறவளைத் திட்டக் கூடாது.

இன்னொன்று, இது நமக்கும் சேர்த்து. தேவையில்லாத குத்து எத்தனை! “உடம்பு அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்று நாமே போய்க் கேட்கிறோம். அரை லிட்டர் ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. ரெண்டு டம்ளர் சர்பத்தில் அது கிடைத்துவிடும். வாயால் குடிக்க முடிகிற பேதி நோயாளிக்குப் பெரும்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலநபிஸ் இதைக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார். கேனுலா போடக் கற்றுக்கொள்பவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவருக்கு இது வேண்டுமா என்பதே.

அந்த அப்பத்தாவுக்கு வேண்டியிருந்தது. வாந்தி நிற்கவில்லை. ட்யூட்டி சிஸ்டர் வந்தார். வெதுவெதுப்பான துணியை முன்கையில் ஐந்து நிமிஷம் சுற்றி வைத்தார், கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார். நீலம் எடுத்தார். ஒரே குத்து. அந்த மாணவியைப் பக்கத்தில் நிற்க வைத்து, குழாயை உள்ளே தள்ளும்போது அவள் விரலையும் சேர்த்துப் பிடித்துத் தள்ளினார். மொத்தம் எட்டு நிமிஷம். நாற்பது நோயாளிக்கு நடுவில் அவருக்கு அந்த எட்டு நிமிஷம் கிடைத்தது. சம்பளம் வாங்குகிற ட்யூட்டருக்கு ஏன் கிடைக்கவில்லை?

மகளையோ பேத்தியையோ நர்சிங் சேர்த்திருப்பவர்கள், அடுத்த முறை கல்லூரிக்கு ஃபீஸ் கட்டப் போகும்போது அந்தக் கேள்வியைக் கவுண்டரிலேயே கேளுங்கள்.