பீரோவில் ஒரு பச்சை ஃபைல்

சென்ற மாதம் ஒரு நாள் காலை, குக்கரை இறக்கிக்கொண்டிருக்கிறேன், என் சித்தி மகள் மூச்சு வாங்க வந்து நின்றாள். காபியைக்கூடத் தொடவில்லை. "அக்கா, பாங்கிலே என்னைப் பார்த்து, நீங்க யாரு கையெழுத்துப் போடன்னு கேக்கறாங்க!" என்றாள்.

அவள் பிள்ளைக்குப் போன ஆவணியில் 18 நிறைந்தது. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சியில் குறை. சட்டைப் பொத்தானைத் தானாகப் போடத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டுவது அவன்தான். மாதா மாதம் அவன் பெயரில் அரசாங்க உதவித்தொகை பாங்கில் விழுகிறது. இதுவரை அம்மா கையெழுத்தில் எடுத்தார்கள். இப்போது அவன் மேஜர் ஆகிவிட்டானாம். "கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். "பெத்தவ நான் இருக்கறப்போ வேற யாருக்கா கார்டியன்?" என்று அழுதாள்.

பாங்க்காரரை நொந்து பயனில்லை. 18 நிறைந்தால் எவரும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவர் என்பதுதான் சட்டம். நமக்குத்தான் பிள்ளை என்றைக்கும் பிள்ளை. இதற்காகவே 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆட்டிஸம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர் அதற்குத் தலைவர். தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் உடன் இருப்பார்கள். பெற்றவர்களோ நெருங்கிய உறவினரோ மனுக் கொடுத்தால், விசாரித்து, சட்டப்படி பாதுகாவலராக நியமிப்பார்கள். வக்கீல், கோர்ட்டு என்று அலைய வேண்டாம். இதை 17 வயதிலேயே விசாரித்து, காகிதங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அன்று அழுதிருக்க வேண்டாம்.

அவளைத் திட்டலாம் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் இதே கதை முன்பும் ஒரு தடவை நடந்தது. பையனுக்கு மூன்று வயதில், "பெரியாஸ்பத்திரியில் காட்டி ஊனச் சான்று வாங்கிடு" என்று நான் சொன்னேன். அவள் மாமியார் விடவில்லை. "காகிதத்திலே எழுதி வாங்கிட்டா ஊருக்கே தெரிஞ்சுடும். மூத்தவளுக்கு வரன் வர வேண்டாமா?" என்றார். அந்த அம்மாளின் கவலையும் பொய்யில்லை, நம் ஊர் அப்படி. கடைசியில் பள்ளிக்கூடத்தில் கேட்ட பிறகுதான், பன்னிரண்டு வயதில், சான்று வாங்கினார்கள். நடுவில் போன ஒன்பது வருஷத்து உதவியை யாரும் அரியர்ஸ் போட்டுத் தர மாட்டார்கள். ஊருக்குத் தெரியாமலா இருந்தது? அதுவும் இல்லை. மூத்தவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று, மாப்பிள்ளைதான் இன்று இவனை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு போகிறார்!

இளம் தாய்மார்களுக்குச் சொல்கிறேன். குழந்தை இரண்டு வயதிலும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 2013-லிருந்து மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் ஒன்றின்கீழ் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் டாக்டர் குழு வந்து பார்க்கிறது. குறை தென்பட்டால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி எல்லாம் இலவசம். ஆறு வயதுக்குள் போவதுதான் நல்லது.

சான்று விஷயமும் அப்படித்தான். அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரும் உளவியலாளரும் சோதித்து, குறைபாடு எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். 40-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான உதவிகளுக்கு வழி திறக்கும். சிறு குழந்தைக்குத் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அதோடு நாடு முழுவதற்கும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை ஒன்றும் உண்டு.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நிராமயா என்ற இன்ஷூரன்ஸும் இருக்கிறது. சில நூறு ரூபாய் கட்டினால் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், பயிற்சிக் கட்டணத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வயது வரம்பில்லை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனையும் கேட்பதில்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

இரண்டாயிரம் போதுமா என்றால், போதாது. தனியாரிடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனால் பத்து நாளில் கரைந்துவிடும். அவனைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாளே, அந்தச் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? சிறப்புப் பள்ளிகளுக்கு அரசு மானியம் வருகிறது, பையனும் அதில்தான் படித்தான். ஆனால் 18 ஆனதும் பள்ளி முடிந்தது. பகலில் போய் ஏதாவது கைவேலை செய்ய ஓர் இடம் எங்கள் ஊரில் இல்லை. இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற பஸ்ஸை எண்ணுகிறான். குழந்தைகளுக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதியாவது, வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டாமா? இதை மனுவாக எழுதி நாமேதான் கேட்க வேண்டும்.

பெற்றவர்களில் ஒருவர் அரசு ஊழியராக இருந்தால் இன்னொன்று. சம்பாதித்து வாழ முடியாத பிள்ளைக்கு, பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. வேலையில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

போன வாரம் இருவரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். சான்று, அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டு, இரண்டு செட் ஜெராக்ஸும் எடுத்திருந்தாள். மனுவை வாங்கிய அதிகாரி பையனிடம் பெயர் கேட்டார். அவன் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினான். அவரும் வாங்கி இரண்டு மிடறு குடித்துவிட்டுத்தான் ரசீதில் கையெழுத்துப் போட்டார். குழு அடுத்த மாதம் கூடுகிறதாம். அதுவரை அவன் பணம் பாங்கிலேயே கிடக்கும்.