சேற்றுக்கு ஏற்ற குதிரை எது?

பொம்மனஹள்ளிக்கு பிக்-அப் வண்டி புதிதல்ல. ஓசூர் சாலையிலிருந்து பேகூர் சாலை பிரியும் இடத்தில் காலையில் பார்த்தால் தக்காளிக் கூடை, கம்பிக் கட்டு, தண்ணீர் கேன், வீடு மாற்றுபவர்களின் கட்டில், பீரோ என்று எதையாவது சுமந்தபடி அவை போய்க்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்திருப்பது வேறொரு ரகம். நான்கு கதவுகள், கார் போன்ற சொகுசு இருக்கைகள், ஆளுயரத்துக்கு முன்பக்கம், வெள்ளை நம்பர் பிளேட். பின்னால் உள்ள தொட்டி பெரும்பாலும் காலி.

இந்த ரகத்தில் இந்தியாவில் இன்று போட்டி இரண்டு ஜப்பானியப் பெயர்களுக்கு இடையில்தான். ஒன்று டொயோட்டா ஹைலக்ஸ். 1968 முதல் உலகம் முழுக்க ஓடும் இந்த வண்டி இந்தியாவுக்கு வந்தது 2022இல். பொம்மனஹள்ளியிலிருந்து அதிகத் தொலைவில்லாத பிடதியில் உருவாகிறது. மற்றொன்று இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2016 முதல் தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. இதற்கு முன் டாடாவின் ஸெனானும் மஹிந்திராவின் ஸ்கார்ப்பியோ கெட்அவேயும் இதே ஆசையைத் தூண்டிப் பார்த்து, நிலைக்காமல் போயின.

வாங்க வருபவர் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" கேள்வியில் தவறில்லை. ஆனால் சேற்றில் அதற்குப் பதில் கிடைக்காது. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் வெளிவட்டச் சாலையும் சர்ஜாபூர் சாலைக் குடியிருப்புகளும் மூழ்கியபோது, இருநூறு, முன்னூறு குதிரைத்திறன் கொண்ட வெளிநாட்டுக் கார்கள் கழுத்தளவு நீரில் நின்றன. மென்பொருள் ஊழியர்களை அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவை ஐம்பது குதிரைத்திறனைத் தாண்டாத டிராக்டர்கள். பெரிய சக்கரம், உயரத்தில் காற்றை இழுக்கும் எஞ்சின், நடை வேகத்திலும் திணறாத கியர் - அவ்வளவுதான் ரகசியம்.

குதிரைத்திறன் என்பது வேலையை எவ்வளவு விரைவாக முடிக்க முடியும் என்பதன் அளவு. நெடுஞ்சாலையில் லாரியை முந்த அது வேண்டும். பாறை மேல் ஏற, சேற்றிலிருந்து மீள வேண்டியது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம். அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்க வேண்டும்.

ஹைலக்ஸின் 2,755 சி.சி. டீசல் எஞ்சின் 204 குதிரைத்திறன் தருகிறது. ஃபார்ச்சூனரில் உள்ள அதே எஞ்சின். ஆனால் கவனிக்க வேண்டிய எண்கள் வேறு. கையால் கியர் மாற்றும் மாடலில் முறுக்குவிசை 420 நியூட்டன் மீட்டர். அது நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக் மாடலில் 500. அது 1,600 சுற்றில் தொடங்குகிறது. மலைக்கு கை கியர்தான் சரி என்ற பழைய நம்பிக்கைக்கு இங்கே அவ்வளவாக இடமில்லை.

வி-கிராஸின் கதை சுவையானது. 2016இல் வந்தபோது இருந்த 2.5 லிட்டர் எஞ்சினின் முறுக்குவிசை 320 நியூட்டன் மீட்டர். பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் வந்த பிறகு அதன் இடத்தில் அமர்ந்திருப்பது 1,898 சி.சி. எஞ்சின். உருவத்தில் தம்பி, பலத்தில் அண்ணன்: 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். சி.சி.யை வைத்து எஞ்சினை எடைபோடும் காலம் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் முழுப் பலம் கிடைப்பது 2,000 முதல் 2,500 சுற்றுகளுக்குள்தான். சின்ன எஞ்சினுக்கு டர்போ கைகொடுக்க ஒரு கணம் தேவைப்படுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அந்த ஒரு கணம் தெரியும்.

அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுவது 'லோ' கியர். நான்கு சக்கர இயக்கம் உள்ள மாடல்களில் இரண்டு வண்டிகளிலும் இது உண்டு. இதைப் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும். சக்கரத்துக்குப் போகும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். கடையில் '4x4' என்ற எழுத்தைப் பார்த்து வாங்குபவர்கள் உண்மையில் காசு கொடுப்பது இந்தச் சின்ன கியருக்குத்தான். வி-கிராஸில் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள மாடலும் விற்கப்படுகிறது. தோற்றம் ஒன்றுதான், சேற்றில் கதை வேறு.

இரண்டும் உண்மையாகப் பிரிவது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது. திருப்பத்தில் இரு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் டிஃபரன்ஷியலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அதைச் சுற்றவிட்டு, தரையில் ஊன்றியிருக்கும் சக்கரத்தைச் சும்மா நிறுத்திவிடும். ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாகவே சுற்றும். வி-கிராஸின் உயர் மாடல்கள் அந்தப் பூட்டுக்குப் பதில், வீணாகச் சுற்றும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடிக்கும் மின்னணு ஏற்பாட்டை நம்புகின்றன. சாதாரண மண் பாதைக்கு அது போதும். குழி விழுந்த ஏற்றத்தில் பூட்டுதான் ஜெயிக்கும்.

ஆனால் இரண்டுமே ஒரு பலவீனத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நீளம் 5.3 மீட்டர் அளவில். முன், பின் சக்கரங்களுக்கு இடையே மூன்று மீட்டருக்கு மேல். மூன்று கதவு மஹிந்திரா தாரில் இந்த இடைவெளி 2.45 மீட்டர்தான். மேட்டின் உச்சியில் தார் தாண்டிப் போகும் இடத்தில் பிக்-அப்பின் வயிறு தரையில் தட்டும். 700 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கலாம் என்கிறது ஹைலக்ஸின் விளம்பரம். மெதுவாக, தேங்கிய நீரில், அடித்தளம் தெரிந்த இடத்தில் என்று அதற்கு அர்த்தம். மழை நாளில் திறந்த சாக்கடை எங்கே என்று தெரியாத நகரச் சாலையில் எந்த எஞ்சினும் உத்தரவாதம் தராது.

அப்படியானால் பொம்மனஹள்ளிக்காரருக்கு எது? இங்கேதான் கணக்கு மாறுகிறது. இவர் ஓசூரைத் தாண்டி தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவராகவோ, குடகில் காபித் தோட்டம் உள்ளவராகவோ இருக்கலாம். மாதத்தில் இரண்டு நாள் சேறு. மீதி நாட்கள் சில்க் போர்டு சந்திப்பு.

அந்த மீதி நாட்கள்தான் நவீன டீசல் எஞ்சினுக்கு எதிரி. புகைக்குழாயில் உள்ள வடிகட்டி கரித்துகளைச் சேர்த்து வைத்து, எஞ்சின் சூடாக, சீரான வேகத்தில் ஓடும்போது எரித்துவிடும். பத்தடி நகர்ந்து ஐந்து நிமிடம் நிற்கும் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறாது. துகள் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். வாரத்துக்கு ஒரு முறையாவது எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் போன்ற தடையில்லாத சாலையில் அரைமணி நேரம் ஓட்டுவது எஞ்சினுக்கு மருந்து. தினசரி அலுவலகம் போக 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மனஹள்ளி வழியாகவே ஓடுகிறது. அதற்கு பிக்-அப் தேவையில்லை.

இன்னொரு ஆபத்து காலித் தொட்டி. சுமை ஏற்றுவதற்காக அமைந்த பின்பக்கப் பட்டை வில்கள் சுமையில்லாதபோது துள்ளும். ஈரச் சாலையில், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும்போது, திருப்பத்தில் வால் வழுக்கும். நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. பிரேக் தூரம் ஒரு அடிகூடக் குறையாது. காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் பல்சக்கரங்கள்தான் தேயும்.

இத்தனைக்கும் நடுவே, அதே சாலையில் போகும் மஹிந்திரா பொலேரோ கேம்பரையும் பிக்-அப்பையும் மறக்கக் கூடாது. 2,523 சி.சி., 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். சொகுசு இல்லை, வேகம் இல்லை. ஆனால் நான்கு சக்கர இயக்கத்துடனும் கிடைக்கிறது. ஒரு டன் அளவுக்குச் சுமக்கிறது. கிராமத்து மெக்கானிக்குக்கும் கை பழகியது. ஹைலக்ஸ் 2022இல் அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 33.99 லட்சம் ரூபாய். 2025 செப்டம்பரில் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதில் எல்லா பிக்-அப்களும் பயனடைந்தன என்றாலும், இந்த இடைவெளி மூடவில்லை. உரமும் விளைச்சலும் ஏற்றுவதுதான் வேலை என்றால் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வேலை முடிந்துவிடும்.

எந்த வண்டியானாலும் ஒரு விஷயத்தில் சலுகை கிடையாது. தொட்டி சரக்குக்கு மட்டும். கூலியாட்களைத் தொட்டியில் ஏற்றிப் போவது சட்டப்படி குற்றம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாத இடத்தில் கவிழும் வண்டியிலிருந்து முதலில் தூக்கி எறியப்படுபவர்கள் அவர்கள்தான். தேன்கனிக்கோட்டைக் காடுகளில் சாகசம் செய்ய நினைப்பவர்களும் கவனிக்க: அங்கே பெரும்பகுதி 2022 நவம்பர் முதல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். அனுமதியின்றி சக்கரம் பதித்தால் வழக்குதான்.

முடிவாக: குடும்பத்தோடு நீண்ட தூரம் போய், உண்மையிலேயே கடினமான தோட்டப் பாதையில் ஏற வேண்டியவருக்கு ஹைலக்ஸ். மண் பாதை வரை போதும், மிச்சமாகும் லட்சங்கள் முக்கியம் என்பவருக்கு நான்கு சக்கர இயக்கம் உள்ள வி-கிராஸ். சுமைதான் பிழைப்பு என்பவருக்கு பொலேரோ. மாதத்துக்கு ஒரு முறைகூட தார் ரோட்டை விட்டு இறங்காதவர், முதலில் வாசலில் 5.3 மீட்டர் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது நல்லது.