டயலை மாற்றினால் தாத்தா போய்விடுவார்!

பிள்ளைச்சாவடியில் ஒரு மீனவர் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி வைத்த ஒரு எச்.எம்.டி. வாட்ச். தாத்தாவுக்குக் கல்யாணத்தில் போட்டது. கடலுக்குப் போகும்போது கட்டமாட்டார். உப்புத்தண்ணி பட்டால் போச்சு! பாண்டிக்குப் போனால், ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தால், நல்லது கெட்டது என்றால் மட்டும் கையில் ஏறும். இப்போது டயல் பழுப்பேறிவிட்டது. கண்ணாடி முழுக்கக் கீறல். கல்லூரியில் படிக்கும் பேரன் அதைப் போட்டோ எடுத்து நெட்டில் விலை கேட்கிறான். உடனே பதில் வருகிறது: "டயல மாத்தி, கேஸ பாலிஷ் போட்டுடு தம்பி, நல்ல ரேட்டுக்குப் போகும்."

பேரனைத் திட்டிப் பயனில்லை. வீட்டில் பணமுடை இருக்கலாம். திட்ட வேண்டியது அந்தப் பதிலைத்தான்!

முதலில் இந்த எச்.எம்.டி. என்ன என்று பார்த்துவிடலாம். 1953-ல் மத்திய அரசு பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து வாட்ச் செய்ய இறங்கியது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. வெளிநாட்டு வாட்ச் என்றால் கடத்தல் சரக்கு என்று இருந்த காலம் அது. ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர் என்று வரிசையாக வந்தன. பார்வையற்றவர்கள் தொட்டு மணி பார்க்க பிரெய்ல் வாட்ச் கூடச் செய்தார்கள். முதல் சம்பளத்தில் வாங்கியது, பரீட்சையில் பாஸானதற்கு அப்பா கொடுத்தது, மாமனார் வீட்டில் போட்டது... இந்த மூன்றில் ஒன்று இல்லாத பழைய வாட்ச் அபூர்வம்.

இன்று அதே வாட்சுகளுக்கு என்ன நடக்கிறது? பழைய வாட்சைக் கழற்றி, அசல் டயலைச் சுரண்டி எறிந்துவிட்டு, பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று பளபளக்கப் பெயின்ட் அடித்து, மேலே புதிதாகப் பெயரை அச்சடித்து, "ஒரிஜினல் விண்டேஜ்" என்று விற்கிறார்கள். உள்ளே ஒரு வாட்சின் மெஷின், வெளியே இன்னொன்றின் கேஸ், முள் மூன்றாவதிலிருந்து! வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் "மும்பை ஸ்பெஷல்". இந்தியாவுக்கு என்ன ஒரு பெருமை!

இதில் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஐம்பது வருஷம் ஒரு மனிதரின் வியர்வையும் வெயிலும் பட்டுப் பழுத்த டயல் அது. அதைச் சுரண்டுகிறவர், தான் விற்க நினைக்கும் பொருளையே அழித்துவிட்டு மிச்சத்தை விற்கிறார். மாட்டின் மடியை அறுத்துப் பால் எடுக்கிற கதை!

வணிகவியல் படிக்கிறவர்கள் தேய்மானம் போட்டுப் பழகியவர்கள். அந்தக் கணக்குப்படி தாத்தாவின் வாட்ச் என்றைக்கோ பூஜ்யம் ஆகியிருக்க வேண்டும். எஞ்சிய மதிப்பு என்று கொஞ்சம் பித்தளை, கொஞ்சம் எஃகு. அதே பாடப்புத்தகத்தில் நற்பெயர் என்றும் ஒரு பாடம் உண்டு. விலை கொடுத்து வாங்கினால்தான் அதைக் கணக்கேட்டில் ஏற்றலாம். தானாக வளர்ந்ததை ஏற்றக்கூடாது என்பது விதி. தாத்தாவின் வாட்சில் இருப்பது அந்த இரண்டாவது வகை. எந்த ஏட்டிலும் ஏறாது. ஏட்டில் ஏறாததால் இல்லை என்று ஆகிவிடுமா?

சந்தைக்கே இது தெரியும். ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா வாட்ச் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அதன் முதுகில் மனைவி ஜோன் வுட்வர்ட், கவனமாக வண்டி ஓட்டும்படி ஒரு வரி பொறித்துக் கொடுத்திருந்தார். அதே மாடல் வாட்ச் வேறு பல உண்டு. அந்த விலை எதற்கும் இல்லை. யாராவது "பின்னால் ஏதோ கிறுக்கியிருக்கு, பாலிஷ் போட்டு எடுத்துடுறேன்" என்று கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிள்ளைச்சாவடித் தாத்தாவின் வாட்சுக்குக் கோடி கிடைக்காது. ஆனால் நியாயம் ஒன்றுதான்.

"சேகரிப்பவர்கள் இல்லையென்றால் இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தானே போயிருக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அசல் டயலை அப்படியே விட்டு, எண்ணெய் போட்டு ஓடவைக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு! இந்தச் சண்டை அவர்களோடு இல்லை.

பழசு என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஆரத்தி எடுக்கவும் வேண்டாம். எச்.எம்.டி.யின் காஞ்சன் மாடலுக்கு வட இந்தியாவில் வரதட்சணை வாட்ச் என்றே பெயர். இங்கேயும் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடக் கடன் வாங்கிய தகப்பன்கள் உண்டு. அந்தக் கண்ணீரும் அந்த வாட்சில்தான் இருக்கிறது. பெயின்ட் அடித்தால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கினார்கள். ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன. மெலிசு, அழகு, தினமும் சாவி கொடுக்க வேண்டாம். ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள், அது தப்பில்லை. எச்.எம்.டி. நஷ்டத்தில் மூழ்கி, 2016 ஜனவரியில் அதன் வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுவரை திரும்பிப் பார்க்காதவர்களுக்கு மூடிய பிறகுதான் பாசம் பொங்கியது!

புதுவையை ஆண்ட பிரான்சிலும் ஒரு வாட்ச் தொழிற்சாலை இப்படித் தடுமாறியது. பெசான்சோன் ஊரின் லிப் கம்பெனி. 1973-ல் ஆட்குறைப்பு வருகிறது என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் தொழிற்சாலையைக் கைப்பற்றி, தாங்களே வாட்ச் செய்து, தாங்களே விற்று, தாங்களே சம்பளம் எடுத்துக்கொண்டார்கள். ஊரே ஆதரவாக நின்றது. பாரம்பரியம் என்றால் பொருள் மட்டும் இல்லை. செய்தவரும் பழுது பார்ப்பவரும் சேர்த்திதான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு வேலை கொடுக்காமல், ஆன்லைனில் பாரம்பரியம் தேடுவது வெட்டிப் பெருமை.

திரும்பவும் பிள்ளைச்சாவடி. கடல் அரிப்பு கரையைத் தின்றுகொண்டிருக்கும் ஊர் அது. அலை வாசலுக்கு வந்தால் சுவரையோ கூரையையோ தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கையில் கட்டிக்கொண்டு ஓடக்கூடியது ஒரு வாட்ச் மட்டும்தான். அப்படிப்பட்ட ஊரில் அதை வெறும் "ஆன்டிக் பீஸ்" என்று சொல்ல மனசு வருமா?

விற்றே ஆக வேண்டும் என்றால் விற்கட்டும், அப்படியே விற்கட்டும். யாருடையது, எப்போது வாங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே கொடுக்கட்டும். விற்க வேண்டாம் என்றால், முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கமோ பாண்டியிலோ ஒரு நல்ல ரிப்பேர்க்காரரைத் தேடி சர்வீஸ் செய்து, டயலைத் தொடாமல் கட்டிக்கொள்ளட்டும்.

அந்த மெஷின் மணிக்கு 18,000 தடவை துடிக்கும். தினமும் காலையில் சாவி கொடுக்க ஒரு கை வேண்டும். தாத்தாவின் கை இல்லை. பேரனின் கை இருக்கிறது.