பழைய காரில் ஸ்டீரியோவை நீங்களே மாட்டுங்க, ஃப்யூஸ் எங்கேன்னு கேட்டுட்டு மாட்டுங்க

இன்னிக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. பழைய காரில் குறைந்த செலவில் நாமே ஸ்டீரியோ மாட்டுவது பற்றி ஒரு நீண்ட இழை. "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படிங்க. காது, தீக்காயம், விபத்து மூன்றும் இதில் இருக்கு.

எங்கள் வீட்டில் இருப்பது 2006 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டார், வண்டி என் கைக்கு வந்தது. வந்த வாரமே ஒரு கடையில் விட்டு ஸ்டீரியோ மாட்டினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாட்டு நன்றாகவே பாடியது. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, தஞ்சாவூரில் இருந்து இரவில் திரும்பிக்கொண்டு இருந்தோம். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டு இருந்தாள். மேடு பள்ளத்தில் வண்டி ஆடும்போது எல்லாம் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்து வந்து போனது. வெளியில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் புகை தெரிந்தது. ஓரம் கட்டி சாவியை ஆஃப் செய்து, மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

சாவியை ஆஃப் செய்த பிறகும் புகை நிற்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு வாழ்க்கையில் மறக்காது.

பக்கத்தில் இருந்த பஞ்சர் கடை அண்ணன் ஸ்பேனரோடு ஓடி வந்து பேட்டரி ஒயரைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது பேட்டரியில இருந்து நேரா வர்ற வயரு. சாவி ஆஃப் பண்ணா இது ஆஃப் ஆவாது. நடுவுல ஃப்யூஸே போடல பாருங்க" என்றார். எஞ்சின் பக்கத்து இரும்புத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாக அந்த வயரை இழுத்திருக்கிறார்கள். ரப்பர் வளையம் போடவில்லை. எட்டு மாதம் தகட்டில் உரசி உரசித் தோல் கிழிந்து, செம்பு இரும்பைத் தொட ஆரம்பித்திருக்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிறு நானே எல்லாவற்றையும் கழற்றி, நானே திரும்ப மாட்டினேன். என் கருத்து இதுதான். பழைய காரில் ஸ்டீரியோ மாட்டும் வேலையை நீங்களே செய்யுங்க. கூலி மிச்சம் ஆகும், ஆனால் நான் சொல்வது அதற்காக இல்லை. உங்கள் குழந்தை உட்காரும் வண்டியில் எந்த வயர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியணும், அதற்காக.

"தினமும் சுயமருத்துவம் வேண்டாம்னு சொல்ற நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லையே. வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து நீங்களே கொடுங்க என்றுதான் சொல்கிறேன். ஆன்டிபயாடிக்கை நீங்களே வாங்கிப் போடாதீங்க என்றும் சொல்கிறேன். முதலாவதில் அளவைச் சரியாகப் பார்த்தால் போதும். இரண்டாவதில் செய்யும் தப்பு வெளியே தெரியாமலே வளரும். காரிலும் இதே மாதிரி ஓஆர்எஸ் வேலையும் இருக்கு, ஆன்டிபயாடிக் வேலையும் இருக்கு.

எது ஓஆர்எஸ் வேலை? பழைய ஸ்டீரியோவைக் கழற்றி, அதே இடத்தில் அதே அளவுள்ள புதியதை மாட்டுவது. இருக்கிற ஸ்பீக்கரை எடுத்துவிட்டு அதே அளவு ஸ்பீக்கர் போடுவது. அவ்வளவுதான்.

எது ஆன்டிபயாடிக் வேலை? ஏர்பேக் வயரைத் தொடுவது. பல வண்டிகளில் இதற்கு மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ இருக்கும். ஸ்டீயரிங்கைக் கழற்றுவது. பெரிய ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபருக்காக பேட்டரியில் இருந்து தனி லைன் இழுப்பது. இதெல்லாம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போங்க. அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்க.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் கையில் இருக்கும் மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்க. இதை டாக்டராகச் சொல்கிறேன். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் மோதிரம் ஒரு பக்கம் பேட்டரியின் பாசிட்டிவையும் மறு பக்கம் வண்டியின் இரும்பையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாயும். கண் இமைப்பதற்குள் மோதிரம் பழுத்துவிடும். விரலைச் சுற்றி வளையமாக ஆழமான தீக்காயம் வரும், அது ஆற மாதக்கணக்காகலாம்.

இரண்டாவது, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்க. பெரும்பாலும் பத்து நம்பர் ஸ்பேனர் போதும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கழற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்திருந்து தொடங்குங்க.

மூன்றாவது, வயரை வெட்டாதீங்க. உங்கள் கார் மாடலைச் சொல்லி ஆக்சஸரீஸ் கடையில் கப்ளர் கேளுங்க. ஒரு முனை காரின் சாக்கெட்டில் மாட்டும், மறு முனை ஸ்டீரியோவில் மாட்டும். பழைய கார்களுக்குக்கூடப் பலவற்றுக்குக் கிடைக்கும். இதன் பெரிய நன்மை, கம்பெனி போட்ட லைன் ஃப்யூஸ் பெட்டி வழியாகத்தான் வரும். நீங்கள் தனியாக எதுவும் செய்யாமலே பாதுகாப்பு கிடைத்துவிடும்.

நான்காவது, யாரோ ஏற்கனவே சாக்கெட்டை வெட்டி எறிந்திருந்தால் நிறத்தைப் பாருங்க. வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் வழக்கமாக மஞ்சள் வயர் பேட்டரிக்கு, எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு. கறுப்பு, எர்த். வெள்ளையும் சாம்பலும் முன் ஸ்பீக்கர்கள், பச்சையும் ஊதாவும் பின் ஸ்பீக்கர்கள். கோடு போட்ட வயர் நெகட்டிவ். இது ஸ்டீரியோ பக்கத்து நிறம். காரின் பக்கம் நிறம் வேறாக இருக்கும், அதை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் இணைக்கணும், யூகிக்கக் கூடாது.

மஞ்சளும் சிவப்பும் மாறிப்போனால் ஒவ்வொரு முறை சாவியை ஆஃப் செய்யும்போதும் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பேட்டரிக்குக் கொடுத்தால், நீங்கள் மறந்துவிட்டுப் போகும் நாளில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஸ்பீக்கரின் நெகட்டிவை மட்டும் எக்காரணம் கொண்டும் வண்டியின் பாடியில் கொடுக்காதீங்க. இன்றைய ஸ்டீரியோக்களில் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும்.

ஐந்தாவது, வயரை முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிடுங்க. நம்ம ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும். கிரிம்ப் கனெக்டர் போடுங்க, இல்லை என்றால் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. இரண்டும் சேர்த்து ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது.

ஆறாவது, இந்த இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்க. ஸ்டீரியோவின் பின்னால் சின்னதாக ஒரு ஃப்யூஸ் இருக்கும். அது காப்பாற்றுவது ஸ்டீரியோவை. பேட்டரியில் இருந்து ஸ்டீரியோ வரை வரும் வயரை அது காப்பாற்றாது. வயரைக் காப்பாற்றணும் என்றால் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொரு ஃப்யூஸ் இருக்கணும். வயர் எங்கே கிழிந்து இரும்பைத் தொட்டாலும் அந்த ஃப்யூஸ் போய் கரண்ட் நின்றுவிடும். எங்கள் வண்டியில் இல்லாமல் போனது அதுதான். விலை, ஒரு டீ வடைக் காசு.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போடுவதும், சிகரெட் பாக்கெட் ஃபாயிலைச் சுற்றி வைப்பதும், காய்ச்சல் வருகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. ஏன் போகிறது என்று தேடுங்க. காருக்குள் வயர் எரிந்தால் தீக்கு முன்னால் புகை வரும். பிவிசி வயர் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் இருக்கும். மூடிய காருக்குள், தூங்கும் குழந்தைக்கு, அது தீயைவிட முன்னால் ஆபத்து.

அடுத்து ஸ்பீக்கர். பெட்டியில் 300 வாட்ஸ், 500 வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீங்க. தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஸ்டீரியோ, காரின் மின்சாரத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு உண்மையாகத் தரக்கூடியது 20 வாட்ஸ் பக்கம்தான். அதுவே அதிகம். சாதாரண கார் ஸ்பீக்கருக்கு வெறும் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் பக்கம் சத்தம் வரும். பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று போட்டிருப்பது அதுதான். கதவில் இருக்கும் ஓட்டையை அளந்து அதே அளவு வாங்குங்க. ஆழத்தையும் அளங்க, இல்லை என்றால் கண்ணாடி இறங்கும்போது இடிக்கும். பிளஸ் மைனஸ் தெரியவில்லை என்றால் ஒரு சாதாரண டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட பக்கம்தான் பிளஸ். ஒன்று மாறினால் பாஸ் மெலிந்துபோகும்.

இந்த 90 டெசிபலை டாக்டராகப் பார்க்கணும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒவ்வொரு காதின் உள்ளேயும் சுமார் 15,000 முடி செல்கள் இருக்கின்றன. மனிதனுக்கு அவை போனால் திரும்ப முளைக்காது. காரை விட்டு இறங்கியதும் காது அடைத்த மாதிரி இருந்தாலோ, 'ஙொய்' என்று கேட்டாலோ, சத்தம் அதிகம் என்று காதே சொல்கிறது.

பழைய காரில் இது இன்னும் சிக்கல். ஜன்னலைத் திறந்து ஓட்டுவோம், எஞ்சின் சத்தமும் அதிகம், அதை மீற வால்யூமைக் கூட்டுவோம். அதனால் ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, தேய்ந்துபோன கதவு ரப்பரை மாற்றுங்க. குறைந்த வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். பின் கண்ணாடிக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்தால் அது பின் சீட்டுக் குழந்தையின் காதுக்கு வெகு பக்கம். ஃபேடரில் சத்தத்தை முன்னால் தள்ளுங்க. பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அங்கே சும்மா தூக்கி வைக்காதீங்க. சடன் பிரேக் போட்டால் அது நேராகக் குழந்தையின் பின்தலைக்கு வரும்.

கடைசியாக ஒன்று. "இன்னும் கொஞ்சம் போட்டா டச் ஸ்க்ரீனே வாங்கலாமே சார்" என்பார்கள். வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி கண்ணை எடுத்தால் வண்டி சுமார் 33 மீட்டர் போய்விடும். அந்த 33 மீட்டரில் என்ன வந்தது என்று ஓட்டியவருக்குத் தெரியாது. எமர்ஜென்சியில் என்னிடம் வருபவர்கள் "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க டாக்டர்" என்பார்கள். சில நேரம் குறுக்கே வந்தவர் திடீரென்று வந்திருக்க மாட்டார். திருகும் குமிழ் இருக்கும் சாதாரண சிங்கிள் டின் ஸ்டீரியோ வாங்குங்க. கண்ணை எடுக்காமல் கை தானாகப் போய் சத்தத்தைக் குறைக்கும். எஃப்எம், யூஎஸ்பி, ப்ளூடூத் எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது, விலையும் குறைவு.

எனக்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை. இடது ஸ்பீக்கரைத் தலைகீழாக இணைத்து, திரும்பக் கதவைக் கழற்றினேன். மகள்தான் டார்ச் பிடித்தாள். எல்லாம் முடிந்து அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து எஃப்எம் போட்டேன். "சத்தத்தைக் குறைப்பா" என்றார். குறைத்தேன்.

செய்ய நேரமில்லை, பழக்கமில்லை என்பவர்கள் தாராளமாகக் கடைக்குப் போங்க. நன்றாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, ஃப்யூஸ் எங்க போட்டீங்க? காட்டுங்க." நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகப் பானட்டைத் திறந்து காட்டுவார். முகம் சுளித்தால் வண்டியை எடுக்காதீங்க.

ஏற்கனவே ஸ்டீரியோ மாட்டிய பழைய கார் வைத்திருப்பவர்கள், இன்றைக்கே பானட்டைத் திறந்து பேட்டரி பாசிட்டிவில் இருந்து கூடுதலாக ஏதாவது வயர் போகிறதா என்று பாருங்க. போனால், அதில் ஃப்யூஸ் இருக்கா என்று பாருங்க. இல்லை என்றால் போடும் வரை அந்த வயரைக் கழற்றி வையுங்க. நாலு நாள் பாட்டு இல்லாமல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அந்த பத்து நம்பர் ஸ்பேனர் ஒன்றை டேஷ்போர்டு பெட்டியிலேயே போட்டு வையுங்க.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. கார் கேள்விக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், காது கேள்விக்கு உறுதியாகச் சொல்கிறேன்.