முருங்கைப் பொடிக்கும் ஒரு வவுச்சர்

போன வருஷம் சங்கரன்கோவிலில் இருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்க முருங்கைப் பொடி சாப்பிட்டதுல இருந்து வீட்டுல ரெண்டு பேருக்கு வயித்தால போகுது." எந்த நாள் பறித்த இலை, எங்கே உலர்த்தினேன், அந்த வாரம் என்ன தெளித்தேன், எதற்கும் என்னிடம் பதில் இல்லை. முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வவுச்சர் எண் இல்லாமல் ஒரு ரூபாயை நகர்த்தாதவன் நான்! காரணம் பொடிதானா என்பது கடைசிவரை தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பிறகுதான் அமெரிக்கச் செய்தியைக் கவனித்துப் படித்தேன். 2025-ல் அங்கே 7 மாநிலங்களில் 11 பேருக்கு சால்மோனெல்லா தொற்று. நோயாளிகளிடம் எடுத்த கிருமியின் மரபணுவைப் படித்தால் எல்லாம் ஒரே வம்சம். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, கொள்முதல் கணக்கைப் பின்தொடர்ந்து போனால், நம் ராஜஸ்தான் ஜோத்பூரில் இருந்து போன முருங்கை இலைப் பொடியில் வந்து நின்றது. அதுவும் இயற்கை முறைப் பொடி!

இங்கே? ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-லேயே தொடங்கியாச்சு. ஆனால் நம்ம ஆள் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். மலப் பரிசோதனைக்கு யார் போகிறார்? 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும் ஊர் ஊராகக் கடைகளில் சோதனை நடந்தது. உயிர் போனால்தான் அந்த வேகம் வருகிறது.

அரசைத் திட்டுவது சுலபம். எனக்கு நம் ஆட்கள் மேல்தான் கோபம். சாணியில் கெட்ட கிருமியே கிடையாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். மாடு, கோழி, பல்லி எதன் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். காய்ந்த பொடியில் அது பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அமெரிக்க இயற்கைச் சான்று விதி, மக்காத சாணி போட்டால் அறுவடைக்கு 90 நாள் இடைவெளி கேட்கிறது. விளைபொருள் மண்ணில் படுமானால் 120 நாள். ஜீவாமிர்தத்தை நான் கைவிடப் போவதில்லை. வேருக்கு ஊற்றுவேன், பறிக்கப்போகிற இலை மேல் தெளிக்க மாட்டேன்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பறித்த தேதி, எந்த வயல், கழுவிய தண்ணீர், உலர்த்திய இடம், யாருக்கு எத்தனை கிலோ. பாக்கெட்டிலும் அதே எண். "இதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை சார்" என்று மேலநீலிதநல்லூர் டீக்கடையில் ஒரு தம்பி சிரித்தார். அவரும் முருங்கைப் பொடிதான் விற்கிறார், வெறும் கவரில்.

போன் செய்த வாடிக்கையாளர் அதற்கப்புறம் என்னிடம் வாங்கவே இல்லை.