மீட்டருக்கு அப்பால் யார் பொறுப்பு?

2019 டிசம்பர் 8 அன்று அதிகாலையில், தில்லி அனாஜ் மண்டியின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கிவந்த பட்டறைக் கட்டடம் ஒன்று தீப்பற்றியது. அங்கேயே வேலை செய்து அங்கேயே உறங்கிக்கொண்டிருந்த 43 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள். 2022 மே 13 அன்று அதே தில்லியின் முண்ட்காவில் 27 பேர் எரிந்துபோயினர். அவர்களில் பெரும்பாலோர் பெண் தொழிலாளர்கள். இரண்டு நிகழ்விலும் தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட காரணம் ஷார்ட் சர்க்யூட். தமிழ் நாளேடுகள் இதனை 'மின்கசிவு' என்று எழுதுவது வழக்கம். இடி விழுந்தது, வெள்ளம் வந்தது என்பதைப் போல அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இச்சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். ஷார்ட் சர்க்யூட்டும் மின்கசிவும் வெவ்வேறானவை. மின்னோட்டம் செல்லும் கம்பியும் அது திரும்பும் கம்பியும் நேரடியாக உரசி, அளவுகடந்த மின்னோட்டம் பாய்ந்து கம்பி உருகித் தீப்பற்றுவது முதலாவது. பள்ளிப் பாடநூல்கள் அதனைக் குறுக்குச்சுற்று என்கின்றன. போகவேண்டிய வழியை விட்டு மின்னோட்டம் சிறிதளவு விலகி, இரும்புப் பெட்டி வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மண்ணுக்கு இறங்குவது இரண்டாவது. அதுவே உண்மையான மின்கசிவு. முன்னது பெரும்பாலும் கட்டடத்தை எரிக்கிறது. பின்னது மனிதரைக் கொல்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதன் விளைவாக, ஒன்றுக்கான பாதுகாப்பை மற்றதற்கும் பாதுகாப்பென நம்பி நம் மக்கள் ஏமாறுகின்றனர்.

வீட்டில் ஃபியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆகவே அஞ்சவேண்டியதில்லை என்பது அந்த ஏமாற்றம். ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் அறுந்துபோக ஐந்து ஆம்பியருக்கும் மிகுதியான மின்னோட்டம் வேண்டும். அதாவது 5000 மில்லிஆம்பியருக்கு மேல். இதயத்தின் துடிப்பைக் குலைக்கவோ சில பத்து மில்லிஆம்பியர் போதும். நனைந்த கையின் வழியாக 230 வோல்ட்டு மின்சாரம் பாயும்போது இருநூறு மில்லிஆம்பியர் அளவுக்கு உடலில் ஓடக்கூடும். மனிதர் துடித்து விழுந்து உயிர்விட்ட பின்னும் ஃபியூஸ் அப்படியே இருக்கும். அறையில் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். ஃபியூஸ் காப்பது கம்பியை. மனிதரைக் காக்கும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்றும் ஈ.எல்.சி.பி. என்றும் கடைகளில் கேட்கப்படும் மின்கசிவு தடுப்பான் அது. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லிஆம்பியர் வேறுபட்டாலே நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டவரை அதனாலும் காக்க இயலாது என்பது உண்மைதான். ஆனால் கசிவினால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றை அது தடுக்கும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், நாட்டில் ஆண்டுதோறும் மின்சாரம் தாக்கி மாள்வோர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அனாஜ் மண்டி முதற்பக்கச் செய்தியாகிறது. இந்தப் பன்னிரண்டாயிரமும் உள்பக்கத்தில் ஆறு வரியாக, ஒவ்வொன்றாக, ஒவ்வோர் ஊரிலுமாகக் கரைந்துவிடுகின்றன. வட இந்தியக் கோடையில் தகரப் பெட்டிக் கூலருக்குத் தண்ணீர் ஊற்றப்போன பெண். குளிர்காலத்தில் வாளிக்குள் ஹீட்டர் ராடைப் போட்டு, சூடேறிவிட்டதா என விரலால் பார்த்தவர். மழையில் நனைந்த கொடிக்கம்பியில் துணி உலர்த்தியவர். குடிசைக்குள் ஈ-ரிக்‌ஷாவுக்கு இரவில் சார்ஜ் ஏற்றிய ஓட்டுநர். செய்திகளைப் படிப்போர்க்கு இவை பழகிப்போனவை.

இத்தகைய வீடுகளின் வயரிங்கைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பிளக் இல்லாத கம்பியின் முனைகளைச் சாக்கெட்டின் துளைகளில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கிவைப்பது. ஃபியூஸ் போனால் ஏதேனும் தாமிர இழையை நான்காக முறுக்கிப் போடுவது. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுவது. எர்த் கம்பியை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூலரும் மிக்ஸியும் அடுப்பும். நடுத்தரவர்க்கம் இதனை அறியாமை என்று கூறி நகைக்கிறது. மின்திருட்டு என்று கூறிச் சினக்கிறது. இணையத்தில் படமெடுத்துப் போட்டு மகிழ்வோரும் உண்டு. இந்த வயரிங் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு.

2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சௌபாக்யா திட்டத்தின்கீழ் 2.86 கோடி வீடுகளுக்கு மின்னிணைப்பு அளித்துவிட்டதாக ஒன்றிய அரசு கூறுகிறது. ஏழை வீடொன்றுக்கு அது அளித்தது மீட்டர், ஓர் எல்.இ.டி. விளக்கு, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு முனை. கம்பி சுவர்வரை வந்தது. அதனோடு கணக்கு முடிக்கப்பட்டது. ஆனால் மின்சாரம் வந்த வீட்டில் விளக்கு ஒன்றே எரிந்துகொண்டிருக்குமா? மின்விசிறி வரும், தொலைக்காட்சி வரும், 45 பாகைக் கோடையில் கூலர் வரும். ஒற்றை விளக்குக்காகப் போடப்பட்ட கம்பியிலிருந்து இவை அனைத்துக்கும் கிளை பிரிப்பவர் அவ்வீட்டுத் தலைவரோ பக்கத்துத் தெரு மிஸ்திரியோதான். முறையான வயரிங்குக்கு ஆகும் செலவு பல குடும்பங்களின் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்று விளக்குப் போடுவது, ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர, எந்த மின்பணியையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்யவேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலும் அதன்பின் வந்த மத்திய மின்சார ஆணைய விதிகளிலும் இருக்கிறது. நடைமுறையில் உரிமதாரர் விற்பது தமது கையொப்பத்தை. சோதனை அறிக்கையில் அவர் ஒப்பமிடுவார்; வீட்டை அவர் கண்டிருக்கமாட்டார். நுகர்வோரின் வயரிங்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வுசெய்யவேண்டும் என்று அதே 1956 விதிகள் கூறின. இன்று வீட்டு இணைப்புகளுக்குச் சுயசான்றே போதுமென்றாகிவிட்டது. தாராளமயம் ஆய்வாளர்களைக் குறைத்ததன் இன்னொரு முகம் இது.

மிஸ்திரியைக் குற்றவாளியாக்குவதும் நமது நிலைப்பாடாக இருக்கமுடியாது. சோதனைக் கருவியும் கையுறையும் இன்றிக் கம்பத்திலேறும் அவரே பலவேளைகளில் முதலில் மாள்கிறார். 59 பேரைப் பலிகொண்ட 1997 ஜூன் 13 உபஹார் திரையரங்கத் தீயை நினைவுகூரலாம். அன்று காலை பழுதான மின்மாற்றியைச் சரிசெய்தவர்கள் தெருவில் பிடித்துவந்த ஆட்கள் அல்லர். தில்லி வித்யுத் போர்டின் ஊழியர்கள். கேபிள் முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் இயந்திரம் இன்றி, அச்சும் சுத்தியலும் கொண்டு தட்டிப் பொருத்தினர். மாலையில் அந்த இணைப்பு தளர்ந்து தீப்பொறி கிளம்பியது. வெளியேறும் வழிகளை அடைத்துவைத்த திரையரங்க உரிமையாளர்களின் குற்றம் தனி. பயிற்சியோடு கருவியும் அவகாசமும் தரப்படாவிடில் தேர்ந்த கையும் தேராத கையைப் போலவே வேலை செய்யும்.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் ஒரு கோட்டை வரைந்திருக்கிறது. அக்கோடு மீட்டர். மத்தியப் பிரதேச மின்வாரியத்துக்கு எதிரான வழக்கில் 2002இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை இங்கே குறிப்பிடவேண்டும். தொழிற்சாலையிலிருந்து இரவில் சைக்கிளில் திரும்பிய தொழிலாளி, மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியால் மாண்டார். யாரோ ஒருவர் திருட்டுத்தனமாக இழுத்த கம்பி அது, நாங்கள் பொறுப்பல்ல என்றது வாரியம். ஆபத்தான பொருளை வழங்குபவர் அதன் விளைவுக்கும் பொறுப்பு என்று கூறி, நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது சாலைக்குப் பொருந்துகிறது; மீட்டரைக் கடந்து வீட்டுக்குள் நேரும் சாவு குடும்பத்தின் தவறாகவே எழுதப்படுகிறது.

மீட்டருக்கு அப்பால் அரசின் கண் செல்வதில்லை என்று எண்ணிவிடவேண்டாம். 3,03,758 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2021இல் அறிவிக்கப்பட்ட விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது இலக்கு. மீட்டர் ஒன்றுக்கு 900 ரூபாய்வரை ஒன்றிய அரசு மானியம் தருகிறது. வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அந்த மீட்டர் தனித்தனியே அளக்கிறது. இரண்டும் வேறுபட்டால் அதனை முறைகேடாகப் பதிவுசெய்து, கூடுதலான அளவுக்கே கட்டணம் கணக்கிடுகிறது. மின்கசிவு தடுப்பான் செய்யும் ஒப்பீடும் இதுவே. ஒன்று பணத்துக்காக ஒப்பிடுகிறது, மற்றது உயிருக்காக. மில்லிஆம்பியர் அளவை உணரும் நுட்பம் மீட்டருக்கு இல்லை என்று பொறியாளர்கள் கூறுவார்கள். சரி. அந்த நுட்பமுள்ள கருவி கடையில் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. அதனைப் பொருத்த ஏன் ஒரு திட்டமும் இல்லை?

இருக்கும் விதியோ தலைகீழானது. மின்கசிவு தடுப்பானைக் கட்டாயமாக்கிய 2010ஆம் ஆண்டு விதிகள், 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டிணைப்புகளுக்கு விலக்கு அளித்தன. பின்னர் வரம்பு குறைக்கப்பட்டும், சிறிய இணைப்புகளுக்கான விலக்கு போகவில்லை. குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்குக் காப்பு கட்டாயம். தகரக் கூரையும் மண்தரையும் உள்ள, எர்த் குழியே இல்லாத வீட்டுக்கு வேண்டியதில்லை! செலவைச் சுமத்தக்கூடாது என்ற கருணையால் வந்த விலக்கு என்றால், செலவை அரசு ஏற்பதே கருணை.

மீட்டரைப் போலவே தடுப்பானும் ஒவ்வோர் இணைப்போடும் விநியோக நிறுவனத்தின் செலவில் வரவேண்டும், விலக்கு நீக்கப்படவேண்டும், மின் ஆய்வாளர் பணியிடங்கள் நிரப்பப்படவேண்டும், மிஸ்திரிகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியும் உரிமமும் கருவிகளும் அளிக்கப்படவேண்டும். இயலாதவை அல்ல இவை. 2017 மே மாதம் முழு மின்மயமாக்கலைக் கேரளம் அறிவித்தபோது, வயரிங்குக்கு வழியற்ற ஏழை வீடுகளிலும் மின்வாரிய ஊழியர்களின் ஒத்துழைப்போடு அவ்வேலை செய்துமுடிக்கப்பட்டது. விநியோகத்தைத் தனியாருக்குத் திறந்துவிட விரும்புவோரிடம் இதனை எதிர்பார்க்கமுடியாது. மின்துறைத் தனியார்மயத்துக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் எதிரான நமது இயக்கத்தில் இக்கோரிக்கைகளும் இடம்பெறவேண்டும். மீட்டர் வேண்டாம் என்பதோடு நின்றுவிடாமல், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதையும் மக்களிடம் சொல்லமுடியும்.

மழைக்காலத்துக்கு முன்பாகக் கிளைகள் செய்யக்கூடியவையும் உண்டு. மின் ஊழியர் சங்கத் தோழர்களை அழைத்துக்கொண்டு குடியிருப்புகளுக்குச் செல்லலாம்; எர்த் இருக்கிறதா, கூலரின் தகரத்தில் மின்சாரம் ஏறுகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கலாம். நம் கட்சி அலுவலகங்களின் மெயின் பெட்டியையும் திறந்து பார்ப்பது நல்லது. பொதுக்கூட்டப் பந்தல்களில் சீரியல் விளக்குக்கு இழுக்கும் கம்பியைக் குறித்துச் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் தாக்கியவரைக் கையால் பிடித்திழுக்கக்கூடாது. முதலில் மெயினை அணைக்கவேண்டும், இயலாவிடில் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளவேண்டும். பிள்ளையைக் காக்க ஓடிய தாயும் சேர்ந்து மாண்ட செய்திகள் பல. தடுப்பான் பொருத்தப்பட்ட வீடுகளில் அதன் முகப்பில் 'டெஸ்ட்' என்றெழுதிய சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் சுவிட்ச் விழவில்லையெனில் கருவியை உடனே மாற்றவேண்டும்.