மறுவெளியீடு காப்பகம் ஆகாது

பழைய கன்சோலில் வெளிவந்த நல்ல ஆட்டம் ஒன்று புதிய கன்சோலுக்கு வந்தவுடன் அது "காப்பாற்றப்பட்டுவிட்டது" என்று எழுதும் பழக்கம் மதிப்புரையாளர்களிடம் தொடங்கி ஆய்வாளர்களிடமும் பரவியிருக்கிறது. வீடியோ கேம்களைப் பண்பாட்டுப் பனுவல்களாகக் கொண்டு ஆராய்வோர் இந்தச் சொல்லை மறுப்பின்றி ஏற்பது அத்துறைக்கே கேடு. நிறுவனம் செய்வது மறுவெளியீடு. அது வணிகம், அதில் குற்றமில்லை. காப்பது வேறு பணி. அந்தப் பணியை வணிகத்தின் கையில் விட்டுவிட்டு நன்றி கூறுவதுதான் குற்றம்.

"கேப்டன் டோட்: ட்ரெஷர் டிராக்கர்" இதற்குத் தக்க சான்று. 2014 இறுதியில் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும், 2015 ஜனவரியில் ஐரோப்பாவிலும் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு வெளிவந்த புதிர் ஆட்டம் அது. "சூப்பர் மாரியோ 3டி வேர்ல்டு" ஆட்டத்தில் இடையிடையே வந்துபோன சில கட்டங்களே பின்னர் தனி ஆட்டமாக விரிந்தன. நாயகன் காளான் தலையன், முதுகில் பெருமூட்டை, அதன் பாரத்தால் அவனால் குதிக்க முடியாது. குதிப்பதையே உயிராகக் கொண்ட மாரியோ உலகில் குதிக்க இயலாத ஒருவனை நடக்கவிட்டதில்தான் இந்த ஆட்டத்தின் அழகு பிறக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஜப்பானியர் "ஹகோனிவா" என்றழைக்கும் பெட்டித் தோட்டத்தைப் போன்ற சிற்றுலகம். ஆடுபவர் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். முன்புறம் சுவராகத் தெரிவது பின்புறம் வாயிலாகத் திறக்கும். மூன்று மணிக்கற்களும் ஒரு நட்சத்திரமும் எங்கோ மறைந்திருக்கும். விரைந்து ஓடுபவர் தோற்பார். நின்று நோக்குபவர் வெல்வார்.

2018 ஜூலையில் இந்த ஆட்டம் ஸ்விட்ச், 3டிஎஸ் ஆகிய இரு கன்சோல்களுக்கும் வந்தது. அதைப் பலரும் வரவேற்றனர், வரவேற்றதில் பிழையில்லை. வீ யூ உலகெங்கும் விற்றது ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் மட்டுமே; ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. ஆகவே பெரும்பாலானோருக்கு இந்த ஆட்டம் என்றாலே 2018ஆம் ஆண்டு வடிவம்தான். ஆய்வாளர் விழித்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுவே.

ஏனெனில் இரண்டும் ஒரே பனுவல் அல்ல. மூல வடிவத்தில் "3டி வேர்ல்டு" ஆட்டத்தின் இடங்களைக் கொண்டு அமைத்த நான்கு கூடுதல் கட்டங்கள் இருந்தன. இந்த ஆட்டம் எங்கிருந்து பிறந்தது என்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே இருந்த சான்றுகள் அவை. 2018 வடிவம் அவற்றை நீக்கி, 2017 அக்டோபரில் வெளியான "சூப்பர் மாரியோ ஒடிசி"யின் நாடுகளைக் கொண்டு நான்கு புதிய கட்டங்களை அமர்த்தியது. பிறப்பின் அடையாளம் போய், புதிய கன்சோலின் புகழ்பெற்ற விற்பனைப் பொருள் அவ்விடத்தில் வந்தமர்ந்தது. ஆடும் முறையும் மாறியது. வீ யூவின் கைப்பலகைத் திரையை விரலால் தொட்டுப் பாளங்களை நகர்த்திய செயலை, ஸ்விட்சைத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும்போது திரையில் அலையும் சுட்டி ஏற்றுக்கொண்டது. இருவர் சேர்ந்து ஆடும் வசதியும் புதிதாக வந்தது.

ஏட்டுச்சுவடி ஒன்றைப் பதிப்பிப்பவர் நான்கு பாடல்களை நீக்கி, தம் காலத்துப் பாடல்கள் நான்கை அவ்விடத்தில் சேர்த்து, அதே தலைப்பில் வெளியிட்டால் தமிழ் ஆய்வுலகம் அதைக் காப்பு என்று கொண்டாடுமா? பாடவேறுபாடு எங்கே, மூலப்படி எங்கே என்றுதான் கேட்கும். அந்தக் கேள்வியை ஆட்டத்திடம் கேட்பதற்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

"புதிய வடிவம் மூலத்தைவிட நன்றாக இருக்கிறதே" என்பது வழக்கமான விடை. இருக்கலாம். கையில் ஏந்தி ஆடும் திரையில் இந்தச் சிறு கட்டங்கள் இன்னும் பொருத்தமாகவே அமைகின்றன. ஆனால் எது நன்று என்பது சுவைஞரின் கேள்வி. எது இருந்தது என்பது வரலாற்றாளரின் கேள்வி. முன்னதற்கான விடை பின்னதற்குப் போதாது.

"சந்தை தொடர்ந்து மறுவெளியீடு செய்துகொண்டே இருக்கும்" என்பது இரண்டாம் விடை. 2023 மார்ச் 27 அன்று வீ யூ, 3டிஎஸ் இரண்டின் இணையக் கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. மூலம் விற்ற கடையும், மறுவடிவம் விற்ற கடைகளில் ஒன்றும் ஒன்றாகவே போயின. "காப்பாற்றிய" வடிவங்களில் ஒன்று ஐந்தாண்டுகூட அந்தக் கடையில் நிற்கவில்லை. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வெளிவந்தபோது இந்த ஆட்டத்துக்கு இலவச மேம்படுத்தல் கிடைத்தது. விற்கும் ஆட்டத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கும். விற்காதவற்றின் நிலை என்ன? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு: மறுவெளியீடு காப்பகத்துக்கு எதிரான ஆயுதமாகவே பயன்படுகிறது. சந்தையில் இல்லாத ஆட்டங்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அணுக நூலகங்கள் வழிசெய்யலாமா என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. அனுமதித்தால் பழைய ஆட்டங்களை மறுபடி விற்கும் சந்தை பாதிக்கப்படும் என்பது தொழில்துறையின் வாதம். என்றோ ஒரு நாள் விற்கக்கூடும் என்பதற்காக இன்று எவரும் படிக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

இந்தியாவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. ஆனால் அந்நூலகத்திடம் அப்படைப்பின் மின்வடிவமல்லாத பிரதி முன்பே இருக்க வேண்டும் என்கிறது. மின்வடிவிலேயே பிறந்த ஆட்டத்துக்கு அத்தகைய பிரதி ஏது? அச்சு நூலை மனத்தில் வைத்து எழுதிய ஒரு நிபந்தனை ஒரு கலைவடிவம் முழுவதையும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. நூல்களுக்கு 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் உண்டு. திரைப்படத்துக்கு 1964-இல் புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறந்தது. வீடியோ கேமைப் பாடமாக நடத்தவும் அதில் ஆய்வுப் பட்டம் வழங்கவும் பல்கலைக்கழகங்கள் முன்வரும் காலத்தில், மூலப்படியைச் சட்டத்துக்கு உட்பட்டுப் பார்ப்பதற்கான இடத்தை மட்டும் எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. மாணவர் யூடியூப் காணொளியைப் பார்த்து ஆய்வேடு எழுதுகிறார். நெறியாளர் எந்த வடிவம் என்று கேளாமலே ஒப்பமிடுகிறார்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணிகளும் உள்ளன. ஒவ்வோர் ஆய்வேடும் தான் ஆராய்ந்த ஆட்டம் எந்தக் கன்சோலில், எந்த ஆண்டில் வெளியானது, எந்த மேம்படுத்தலுக்குப் பிந்தையது என்று குறிப்பிட்டாக வேண்டும். குறிப்பிடாத ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பி அனுப்ப வேண்டும். துறை நூலகங்கள் பழைய கன்சோல்களையும் வட்டுகளையும் இரண்டாம் கைச் சந்தையில் கிடைக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும். அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் குரல் முதலில் பல்கலைக்கழகங்களிலிருந்து எழ வேண்டும். இவற்றைச் செய்யாத துறை, நிறுவனங்கள் விற்கத் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே தன் வரலாறாக எழுதிக்கொண்டிருக்கும்.